அல்ஹம்ரா சுவர்களில் ஒரு கணக்குப் பாடம்



ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், பனி படர்ந்த சியர்ரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் கிரனாடா நகரம் அமைந்துள்ளது. அரபு வரலாற்றாசிரியர்கள் இதனைக் 'கர்னாத்தா' என அழைத்தனர். நகரின் நடுவே தார்ரோ என்னும் சிற்றாறு ஓடுகிறது. ஆற்றின் ஒரு கரையில் குறுகிய சந்துகளும் வெள்ளை வீடுகளும் நிறைந்த அல்பைசின் மேடு. மறு கரையில் சபீக்கா குன்று. அக்குன்றின் உச்சியில், மாலை வெயில் படும்போது செம்பு போல் ஒளிரும் மதில்களுடன் நிற்பதுதான் அல்ஹம்ரா. 'செந்நிறமானது' என்பது அப்பெயரின் பொருள்.

நஸ்ரு வமிசத்தின் முதல் மன்னரான முஹம்மது பின் அல்அஹ்மர் 1238-ஆம் ஆண்டில் இங்கே தம் தலைநகரை அமைத்தார். இன்று நாம் கண்டு வியக்கும் அரண்மனைகளில் பெரும்பாலானவை, பதினான்காம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முஹம்மதும் கட்டுவித்தவை. 1492 ஜனவரி 2-ஆம் நாள் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் இந்நகரின் சாவியை ஒப்படைத்ததோடு, அந்தலூசியாவில் முஸ்லிம்களின் ஆட்சி முடிவுற்றது.

இந்த வரலாற்றை நம் ஏடுகள் பலமுறை எழுதியுள்ளன. படித்துப் பெருமிதம் அடைந்திருக்கிறோம், பெருமூச்சும் விட்டிருக்கிறோம். ஆகவே அதனை நான் மீண்டும் விரித்துரைக்கப் போவதில்லை. அல்ஹம்ராவின் சுவர்களில் பதிக்கப்பட்டுள்ள ஓடுகளைப் பற்றியும், அவ்வோடுகளுக்குள் அடங்கியுள்ள கணக்கைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். என் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நான் நின்றதே இதனை எழுதத் தூண்டியது.

வாருங்கள், உள்ளே செல்வோம்

ஆண்டுதோறும் இருபது இலட்சத்திற்கும் அதிகமானோர் இங்கு வருகின்றனர். ஆதலால் நஸ்ரு அரண்மனைகளுக்குள் நுழைவதற்கு நேரம் குறித்தே சீட்டு வழங்குகிறார்கள். குறித்த நேரத்தைத் தவற விட்டால் உள்ளே அனுமதியில்லை. எனவே நீங்கள் செல்லும்போது முன்னதாகவே சென்று வரிசையில் நின்றுவிடுங்கள்.

முதலில் வரும் கூடங்களைக் கடந்ததும், கோமாரஸ் அரண்மனையின் முற்றத்தில் கால் வைப்பீர்கள். நடுவே நீண்ட நீர்த்தடாகம். அதன் இருமருங்கிலும் ஒழுங்காக நறுக்கி விடப்பட்ட நறுமணச் செடி வேலி. தடாகத்தின் கோடியில் சுமார் 45 மீட்டர் உயரமுள்ள கோபுரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அக்கோபுரத்தினுள் தூதர்களை வரவேற்கும் மண்டபம் உள்ளது. அதன் மரக் கூரை 8,017 துண்டுகளால் பொருத்தப்பட்டது. அடுத்துள்ள சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்கள் ஒரு நீரூற்றுத் தொட்டியைத் தாங்கி நிற்கின்றன. அருகிலுள்ள 'இரு சகோதரிகள்' மண்டபத்தின் குவிமாடமோ 5,000-க்கும் மேற்பட்ட சிறு கூடுகளால் ஆனது.

இவற்றையெல்லாம் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும். ஆனால் நான் உங்களை அழைப்பது குனிந்து பார்ப்பதற்காக. சுவரின் மேற்பகுதி முழுவதும் சுண்ணச் சாந்தில் செதுக்கிய பூவேலைகள். அவற்றினூடே 'வலா காலிப இல்லல்லாஹ்' - 'அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவருமில்லை' - என்னும் நஸ்ருகளின் வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்திற்கோ வண்ண ஓடுகள். ஸ்பானிய மொழியில் ஓட்டுக்கு 'அஸுலேஹோ' என்று பெயர். அது 'ஸுலைஜ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. இவை ஒவ்வொன்றும் படம் தீட்டிய சதுர ஓடுகள் அல்ல. ஒரே நிறத்தில் சுட்டெடுத்த ஓட்டினை, வேண்டிய வடிவில் துண்டு துண்டாகச் செதுக்கி, இடைவெளியின்றிச் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள்.

அத்தகைய சுவர் ஒன்றின் முன்னேதான் என் மகள் நின்றுவிட்டாள். மூன்று சிறகுகள் ஒரே திசையில் சுழல்வது போன்ற ஒரு வடிவம். வெள்ளை ஒன்று, வண்ணம் ஒன்று என மாறி மாறிச் சுவர் முழுவதும் நிறைந்திருந்தது. ஸ்பானியர்கள் இதனைப் 'பஹாரிதா', அதாவது சிறு பறவை என்கிறார்கள். ஒரு பறவையின் சிறகு மடியும் இடத்தில் அடுத்த பறவையின் சிறகு விரிகிறது. எங்கும் ஒரு நூலிழை இடைவெளியில்லை.

"வாப்பா, இதை எப்படி வரைந்தார்கள்?" என்று கேட்டாள்.

"நம் முன்னோர்கள் எழுப்பிய மாளிகை அம்மா இது. உலகமே வந்து பார்க்கிறது!" என்றேன் நான்.

"அது தெரியும் வாப்பா. எப்படி வரைந்தார்கள் என்றுதான் கேட்டேன்."

என்னிடம் விடையில்லை. நான் வணிகத்தில் காலம் கழித்தவன். பெருமை பேசத் தெரிந்த அளவிற்கு அப்பெருமையின் உட்பொருள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏமாற்றிய தாள்

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மற்றப் பாடங்களில் குறையில்லை. கணக்கில் மட்டும் தேர்வுக்குத் தேர்வு மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. "இவளுக்குக் கணக்கு வராது" என்று வீட்டில் நாங்களே பலர் முன்னிலையில் சொல்லிவிட்டோம். சொல்லிச் சொல்லி அவளும் அதனை நம்பிவிட்டாள்.

அன்றிரவு தங்குமிடத்தில், பையிலிருந்த பள்ளி வரைபடத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அப்பறவையை வரைய உட்கார்ந்தாள். அதன் மூன்று சிறகுகளின் நுனிகளைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம் வரும் என்பதை அவளே கண்டுகொண்டாள். தாளின் சிறு கட்டங்களை எண்ணி, அடிப்பக்கம் 8 கட்டம், உயரம் 7 கட்டம் என்று முக்கோணம் வரைந்தாள். பார்வைக்குச் சரியாகவே இருந்தது. அதன்மேல் பறவையை வரைந்து வெட்டியெடுத்தாள். ஆனால் வெட்டிய பறவையை மூன்றிலொரு பங்கு சுற்றித் திருப்பி வைத்தபோது, அது தான் இருந்த இடத்திலேயே பொருந்தவில்லை. ஒரு சிறகு சற்றே நீண்டிருந்தது.

பிறகு அடிப்பக்கம் 30, உயரம் 26 என்று பெரிதாக முயன்றாள். வேறுபாடு மிகவும் குறைந்தது, ஆனால் மறையவில்லை. இரவு பதினொரு மணிக்கு எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது என்று நீங்கள் சொன்னது சரிதான் வாப்பா" என்றாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

எங்களுடன் பயணத்தில் வந்திருந்த என் மைத்துனர் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். அவர் அத்தாள்களை வாங்கிப் பார்த்தார். "நீ செய்ததில் தவறில்லை. இந்தத் தாளில் இது முடியாத காரியம். நீ மட்டுமல்ல, யார் வந்தாலும் முடியாது" என்றார்.

"ஏன் மாமா?" என்றாள் அவள் நம்பாமல்.

வாசகர்களே, அவர் தந்த விளக்கத்தை நீங்களும் ஒரு தாளை வைத்துக்கொண்டு பின்தொடருங்கள். சதுரக் கட்டங்களின் மூலைகளில் மூன்று முனைகளும் அமையுமாறு ஏதேனும் ஒரு முக்கோணம் வரையுங்கள். அதனை ஒட்டினாற்போல் சுற்றிலும் ஒரு நீள்சதுரம் போடுங்கள். அந்த நீள்சதுரத்தின் பரப்பைக் கட்டங்களாக எண்ணினால் முழு எண் வரும். முக்கோணத்திற்கு வெளியே மிஞ்சியிருப்பவை, நீள்சதுரங்களும் அவற்றின் சரிபாதிகளுமே. ஆகவே அவற்றைக் கழித்தபின் முக்கோணத்தின் பரப்பு ஒன்று முழு எண்ணாக இருக்கும். அல்லது அரையில் முடியும். வேறு வழியில்லை.

சமபக்க முக்கோணத்தின் பரப்போ வேறு வகையானது. பக்கத்தின் வர்க்கத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். முனைகள் கட்ட மூலைகளில் இருக்குமானால், பிதாகரஸ் தேற்றப்படி பக்கத்தின் வர்க்கம் முழு எண்ணே. ஆனால் மூன்றின் வர்க்கமூலம் 1.732... என முடிவின்றிச் செல்வது. எந்தப் பின்னத்திற்குள்ளும் அடங்காதது. முழு எண்ணிலோ அரையிலோ முடிய வேண்டிய பரப்பு எப்படி இதற்குச் சமமாகும்? ஆகவே சதுரக் கட்டத் தாளின் மூலைகளைக் கொண்டு மிகச் சரியான சமபக்க முக்கோணத்தை ஒருநாளும் அமைக்க இயலாது. 8-க்கு 7 என்று அவள் வரைந்ததில், சாய்ந்த பக்கங்களின் நீளம் 8 அல்ல, ஏறத்தாழ 8.06. முப்பதுக்கு இருபத்தாறு என்றபோது 30.02. நெருங்கலாமே தவிர, சென்றடைய முடியாது.

என் மகள் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படியானால் அவர்கள் எந்தத் தாளில் வரைந்தார்கள்?" என்று கேட்டாள்.

கவராயம் தரும் தாள்

இதற்கு விலை கொடுத்து வாங்கும் தாள் எதுவும் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் கவராயம் போதும். ஒரு வட்டம் வரையுங்கள். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், வட்டத்தின் விளிம்பில் ஓரிடத்தில் முள்ளை ஊன்றி விளிம்பை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் ஊன்றி அடுத்த இடத்தை வெட்டுங்கள். இப்படி ஆறு முறை செய்தால், புறப்பட்ட இடத்திற்கே மிகச் சரியாக வந்து சேர்வீர்கள். அந்த ஆறு புள்ளிகளையும் மையத்தோடும், ஒன்றோடொன்றும் சேருங்கள். ஆறு சமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். கோடுகளை நீட்டியும், அதே அளவில் வட்டங்களை அடுத்தடுத்துப் போட்டும் சென்றால் தாள் முழுவதும் முக்கோணக் கட்டங்களாகிவிடும்.

நம் தமிழ்நாட்டுத் தெருக்களில் கோலத்திற்குப் புள்ளி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைப்பது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே கீழ்வரிசைப் புள்ளியை வைப்பது ஊடுபுள்ளி. பள்ளியின் வரைபடத்தாள் நேர்ப்புள்ளியைப் போன்றது. நாம் இப்போது உண்டாக்கிய தாள் ஊடுபுள்ளியைச் சேர்ந்தது.

ஒரே அளவான, ஒழுங்கான வடிவம் ஒன்றைக் கொண்டு தரையை இடைவெளியின்றி நிரப்ப வேண்டுமானால் மூன்றே வழிகள்தாம் உள்ளன. ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை. முக்கோணத்தின் கோணம் 60, ஆறு சேரலாம். சதுரத்தின் கோணம் 90, நான்கு சேரலாம். அறுகோணத்தின் கோணம் 120, மூன்று சேரலாம். ஐங்கோணத்தின் கோணமோ 108. மூன்று சேர்த்தால் 324 ஆகி, 36 பாகை இடைவெளி விழும், நான்காவதற்கு இடமிராது. மூன்று வழிகளில் சதுரத்தை மட்டுமே நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறோம்.

முக்கோணக் கட்டத்தில் சில காட்சிகள்

முக்கோணத் தாளில் ஒரு பெரிய முக்கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திற்கு நான்கு கட்டங்கள் இருக்கட்டும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை சிறு முக்கோணங்கள் என்று எண்ணுங்கள். முதல் வரிசையில் 1, அடுத்து 3, பிறகு 5, கடைசியில் 7. மொத்தம் 16, அதாவது நான்கின் வர்க்கம். ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வருவதை, சூத்திரம் எதுவுமின்றிக் கண்ணாலேயே கண்டுவிடலாம்.

அதே படத்தை வேறு விதமாகவும் எண்ணலாம். நிமிர்ந்து நிற்கும் முக்கோணங்கள் 1, 2, 3, 4 என்று மொத்தம் 10. தலைகீழாக நிற்பவை 1, 2, 3 என்று மொத்தம் 6. இரண்டும் சேர்ந்து அதே 16. ஒரு படத்திற்குள் இரண்டு உண்மைகள்!

இன்னொன்று. பக்கத்திற்கு மூன்று கட்டங்கள் உள்ள முக்கோணம் எடுங்கள். உள்ளே ஒன்பது சிறு முக்கோணங்கள் இருக்கும். ஒரு முனையிலிருந்து புறப்பட்டு வலமாகச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கட்டம் முடியுமிடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் சற்றுச் சாய்ந்த ஒரு முக்கோணம் உள்ளே தோன்றும். அதன் பரப்பு என்ன? கோடுகள் கட்டங்களைக் குறுக்கே வெட்டுவதால் நேராக எண்ண இயலாது. வெளியே மிஞ்சிய மூன்று மூலைத் துண்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும், பக்கங்கள் 1-ம் 2-ம் உள்ள ஓர் இணைகரக் கட்டத்தின் பாதி. அக்கட்டத்தில் நான்கு சிறு முக்கோணங்கள். எனவே பாதிக்கு இரண்டு. மூன்று மூலைகளுக்கும் ஆறு. ஒன்பதில் ஆறு போக மூன்று. உள்ளே இருப்பது மிகச் சரியாக மூன்றிலொரு பங்கு!

இதனைச் சொன்னபோது என் மகள் மாமாவை முந்திக்கொண்டு "மூன்று" என்றாள். கணக்கில் அவள் யாரையும் முந்தியதை நான் பார்த்தது அதுவே முதல் முறை.

தேனடையும் சர்க்கரைக் கட்டியும்

அறுகோணக் கட்டத்தை நமக்கு முதலில் காட்டியது தேனீ. திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலேயே ஓர் அத்தியாயம் உண்டு. குறைந்த மெழுகில் சம அளவான அறைகளைக் கட்ட அறுகோணமே சிறந்தது என்று பண்டைய அறிஞர்கள் கருதினர். ஆயினும் தளத்தைச் சம பரப்புள்ள பகுதிகளாகப் பிரிக்க, மொத்தத்தில் குறைந்த நீளமுள்ள வேலி அறுகோண வேலியே என்பதைத் தாமஸ் ஹேல்ஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1999-இல்தான் முழுமையாக நிறுவினார்.

ஓர் அறுகோணத்தைச் சுற்றி ஆறு அறுகோணங்கள் அமரும். அவற்றைச் சுற்றி 12. அதற்கு வெளியே 18. ஒவ்வொரு நிலையிலும் மொத்தம் 1, 7, 19, 37 என்று வளரும். இப்போது இந்த மொத்தங்களையே கூட்டிப் பாருங்கள். 1; 1+7=8; 8+19=27; 27+37=64. இவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்களின் கனங்கள்! தட்டையான தேனடைக்குள் கனசதுரம் எப்படி வந்தது?

மறுநாள் காலையில் தேநீருடன் வந்த சர்க்கரைக் கட்டிகளை மைத்துனர் மேசை மேல் அடுக்கினார். நீளம், அகலம், உயரம் மூன்றுமாக 27 கட்டிகள். அதன் ஒரு மூலைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவ்வாறு பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும். சுற்றுவெளிக் கோடு அறுகோணமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் 19. மூலையிலுள்ள ஒன்று நடுவே. அதைச் சுற்றி ஆறு. அவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு. அந்த 19-ஐயும் எடுத்துவிட்டால் எட்டுக் கட்டிகள் கொண்ட சிறிய அடுக்கு மிஞ்சும். அதில் தெரிபவை 7. அவற்றையும் எடுத்தால் மிஞ்சுவது ஒன்று. 27 என்பது 19-ம் 7-ம் 1-ம்தான். சர்க்கரைக் கட்டி இல்லையென்றால் தாயக்கட்டைகளோ சோப்புத் துண்டுகளோ போதும். உங்கள் வீட்டு மேசையில் இதனை ஒருமுறை செய்து பாருங்கள்.

பறவை பிறந்தது

அன்று பிற்பகல் அல்பைசின் மேட்டிற்குச் சென்றோம். சான் நிகோலாஸ் முனையில் நின்றால் எதிரே அல்ஹம்ரா முழுவதும் தெரிகிறது. அருகிலேயே 2003-இல் திறக்கப்பட்ட கிரனாடாப் பெரிய பள்ளிவாசல் உள்ளது. அதன் தோட்டத்திலிருந்தும் அதே காட்சியைக் காணலாம்.

அங்கே அமர்ந்து என் மகள் பறவையை வரைந்தாள். முறை இதுதான். முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். அப்பக்கத்தின் ஒரு பாதியில் உட்புறமாக ஒரு வில்லை வரைந்து, அத்துண்டை வெட்டியெடுங்கள். வெட்டிய துண்டை நடுப்புள்ளியை அச்சாகக் கொண்டு அரைச் சுற்றுத் திருப்பினால், மறு பாதியில் வெளிப்புறமாகச் சென்று அமரும். அங்கே ஒட்டிவிடுங்கள். மற்ற இரு பக்கங்களிலும் அவ்வாறே, ஒரே சுற்றுத் திசையில் செய்யுங்கள். நேர்க்கோட்டு முக்கோணம் சுழலும் பறவையாக மாறிவிடும். வெட்டியது எவ்வளவோ அவ்வளவையும் ஒட்டிவிட்டதால் பரப்பு சிறிதும் மாறவில்லை. அடுத்த முக்கோணத்தின் பறவை, இதனை அரைச் சுற்றுத் திருப்பியதே. ஆதலால் இதன் குழிவில் அதன் புடைப்பு மிகச் சரியாக அமர்கிறது. சுவரில் இடைவெளி விழாததன் இரகசியம் இதுவே.

ஹாலந்து நாட்டு ஓவியர் எஷர் 1922-இல் அல்ஹம்ராவைக் கண்டார். 1936-இல் மனைவியுடன் மீண்டும் வந்து இவ்வோடுகளைப் பொறுமையாகப் படியெடுத்தார். ஒன்றோடொன்று பொருந்தும் மீன்களும் பறவைகளும் பல்லிகளுமாக அவர் பின்னர் வரைந்து உலகப் புகழ் பெற்ற படங்களுக்கு இச்சுவர்களே பெரும் தூண்டுகோலாயின.

கண்ணையும் கேள்வி கேட்க வேண்டும்

படத்தால் சிந்திப்பது நல்லது. ஆனால் படம் ஏமாற்றவும் கூடும். இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தவர் பாக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940-998). கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவ கணிதத்தைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். கணித அறிஞர்களும் கைவினைஞர்களும் கூடிய சபையில், மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்ற விவாதம் நடந்ததை அதில் குறிப்பிடுகிறார். கைவினைஞர்கள் காட்டிய சில முறைகள் கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் கணக்கில் பிழையானவை என்று காட்டினார். அதே வேளையில், நிறுவத் தெரிந்தும் வெட்டிக் காட்டத் தெரியாத அறிஞர்களின் குறையையும் அவர் மறைக்கவில்லை. என் மகள் வரைந்த 8-க்கு 7 முக்கோணமும் கண்ணுக்குச் சரியாகத் தோன்றியதுதானே!

பெருமை பேசும்போதும் இந்த எச்சரிக்கை நமக்கு வேண்டும். தளத்தில் திரும்பத் திரும்ப வரும் கோலங்கள், அவற்றின் சமச்சீரைக் கொண்டு பார்த்தால், 17 வகைகளுக்குள் அடங்கும் என்பதை ரஷ்ய அறிஞர் ஃபெடரோவ் 1891-இல் நிறுவினார். 'அந்தப் பதினேழும் அல்ஹம்ராவில் உள்ளன' என்று பலரும் எழுதுகிறார்கள்; நானும் நண்பர்களிடம் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். ஆனால் 1944-இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வுக்காக இச்சுவர்களை ஆராய்ந்த எடித் முல்லர் பதினேழையும் காணவில்லை. 1980-களில் சிலர் எஞ்சியவற்றையும் கண்டுவிட்டதாக அறிவித்தனர். கோல வடிவங்களை ஆராய்வதில் பேரறிஞரான பிராங்கோ க்ருன்பாம் அதனை ஏற்கவில்லை.

ஏன் இந்தக் கருத்து வேறுபாடு? நம் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பாராவிட்டால், அரைச் சுற்றுத் திருப்பினால் கோலம் தன்மேலேயே பொருந்தும். நிறத்தையும் பார்த்தால், வெள்ளைப் பறவை வண்ணப் பறவையின் மேல் விழும், பொருந்தாது. ஒரே சுவர் இருவிதமாக எண்ணப்படுகிறது! அச்சுவரைப் பதித்த கைவினைஞர் பதினேழு என்ற எண்ணிக்கையை அறிந்தவரும் அல்லர். அதனை நிரப்ப முயன்றவரும் அல்லர். அவருடைய திறமைக்கு மிகைப்படுத்திய சான்று எதுவும் தேவையில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லி விடுகிறேன். ஐங்கோணத்தால் தரையை நிரப்ப இயலாது என்றோமல்லவா? ஈரான், துருக்கி ஆகிய கீழைப் பகுதிகளின் கைவினைஞர்கள் அதனோடு நின்றுவிடவில்லை. ஐங்கோணத்தோடு பத்துமுனை வடிவம் முதலான வேறு வடிவங்களையும் சேர்த்து நிரப்பினார்கள். இஸ்ஃபஹான் நகரின் தர்பே இமாம் அடக்கத்தலத்தில் 1453-ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தகைய கோலம் ஒன்று உள்ளது. அது இருபதாம் நூற்றாண்டுக் கணிதம் கண்ட மிகச் சிக்கலான ஒழுங்கினைப் பெருமளவு ஒத்திருப்பதை லூ, ஸ்டைன்ஹார்ட் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் எடுத்துக்காட்டினர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஊர் திரும்பிய பிறகு என் மகள் ஒரேயடியாக வகுப்பில் முதல் மாணவியாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய்யாகும். மதிப்பெண் மெல்லத்தான் ஏறியது. ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கண்டு ஒளிந்துகொள்ளும் பழக்கம் போய்விட்டது. தம்பிக்கு ஒற்றைப்படை எண்களைக் கற்பிக்க அவள் முக்கோணக் கட்டம் போட்டு வைத்திருந்த தாளை என் மனைவி இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறாள். "இவளுக்குக் கணக்கு வராது" என்ற சொல்லை எங்கள் வீட்டில் இப்போது எவரும் சொல்வதில்லை.

தாய்மார்களே, தந்தையர்களே! உங்கள் பிள்ளை ஒரு கணக்கின் முன்னே திகைத்து நிற்கும்போது, அதனை அறிவுக் குறைவென்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். நாம் கொடுத்த தாளில் அது முடியாத காரியமாகவும் இருக்கலாம். வேறொரு தாளைக் கொடுத்துப் பாருங்கள். நமக்குத் தெரியாவிட்டால், 'எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்வதில் வெட்கமில்லை. அல்ஹம்ராவின் சுவர்முன் நான் அதனைச் சொல்லியிருக்க வேண்டும்; பெருமையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இறுதியாக, உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வினா. சதுரக் கட்டத் தாளின் மூலைகளில் சரியான சமபக்க முக்கோணம் அமையாது என்று கண்டோம். முக்கோணக் கட்டத் தாளின் மூலைகளில் சரியான சதுரம் ஒன்றை அமைக்க முடியுமா? முடியுமானால் வரைந்து காட்டட்டும். முடியாதெனில் ஏன் என்று சொல்லட்டும். கவராயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் அமருங்கள்.